கிழக்கே போய் மேற்கு என்று சொன்னவள்

தம்பி, இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது ஒக்லாந்தில் இருக்கிற நூற்றுப்பத்துத் தமிழ்க் குடும்பங்களும் இதை வாசித்து முடித்து, ரெலிபோனில் ஆளுக்காள் கதைத்தும் முடித்திருக்கும். தாய் மகனுக்கு எழுதுகிற கடிதத்தைச் சங்கத்தின் செய்தி மடலில் அச்சடிக்கிற கூத்து எங்கேயாவது உண்டா என்று நீ தலையில் கை வைப்பாய். அப்பாவும் அப்படித்தான் வைத்தார். "உமக்கென்ன விசரோ? ஒரு கவரில போட்டு முத்திரையை ஒட்டி அனுப்புமன்" என்றார். நான் சம்மதிக்கவில்லை. நவராத்திரிக்குச் சங்கம் எடுத்த வாணி விழாவில் அத்தனை பேருக்கு முன்னால், ஒலிவாங்கியில், "அப்ப நீ என்ர பிள்ளையும் இல்லை" என்று சொன்னவள் நான். அதை ஒரு உறைக்குள் வைத்து ஒட்டி இரகசியமாகத் திரும்ப வாங்க முடியாது. அன்றைக்கு அந்தச் சொல் யார் யார் காதில் விழுந்ததோ, அவர்கள் எல்லாருடைய காதிலும் இதுவும் விழ வேண்டும். நீ வீட்டை விட்டுப் போய் ஏழு கிழமையாகிறது, ஐம்பது நாளுக்குக் கிட்ட. வருகிற புதன்கிழமை லிஸ்பனுக்குப் பறக்கிறாய். இடையில் ஒரேயொரு ஞாயிற்றுக்கிழமைதான் இருக்கிறது. அந்த ஞாயிறு நீ வீட்டுக்கு வர வேண்டும். இவ்வளவு நீளமாக நான் எழுதப்போவது அதற்காகத்தான்.

மற்றவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், உனக்குத் தெரிந்ததுதான். ஈஸ்ட் டாமாக்கித் தொழிற்சாலையில் விசுக்கோத்துப் பெட்டி அடுக்குகிற இந்தக் கை யாழ்ப்பாணத்தில் பதினாறு வருடம் வெண்கட்டி பிடித்த கை. பெண்கள் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புக்கு ஐரோப்பிய சரித்திரம் படிப்பித்தேன், முழுக்க முழுக்கத் தமிழில். ஐரோப்பாவை நான் கண்ணால் கண்டதில்லை. அது ஒரு குறையாக எனக்குப் பட்டதுமில்லை. அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கரும்பலகையில் ஒரே இழுப்பில் கீறுவேன். கடலோடிகள், அரசர்கள், பாப்பரசர்கள், ஊரை வாரிக்கொண்டு போன கொள்ளைநோய், எல்லாம் எனக்கு அத்துப்படி. அந்தக் கடலோடிகளின் பெயர்களை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நம் மடலின் ஆசிரியர் பெயருக்கு மூன்று எழுத்துப்பிழை விடுவார், பிறகு நான் அவரோடு மல்லுக்கு நிற்க வேண்டிவரும். ஆகவே, இந்தியாவைத் தேடிப் போய் அமெரிக்காவில் முட்டினவரை ஜெனோவாக்காரர் என்றே சொல்கிறேன். அவரைப் பற்றி ஒவ்வொரு தவணைப் பரீட்சையிலும் ஒரு கேள்வி போடுவேன்: ஒரு தலைவனுக்கு வேண்டிய குணங்கள் எவை? மனவுறுதி, தன்னம்பிக்கை, பின்வாங்காமை என்று எழுதினால் முழுப் புள்ளி. ஒருமுறை ஒரு பிள்ளை, 'பிழை விட்டால் ஒத்துக்கொள்ளல்' என்றும் சேர்த்து எழுதியிருந்தாள். புத்தகத்தில் அப்படி இல்லை என்று அவளுக்கு ஒரு புள்ளி குறைத்தேன். இந்த ஏழு கிழமையும் அந்தப் பிள்ளையின் முகம் அடிக்கடி கண்ணுக்குள் வருகிறது.

நாங்கள் இங்கே வந்த முதல் வருடம் உனக்குப் பதினொரு வயது. பக்குரங்காவில், சுவரெல்லாம் ஈரம் கசிகிற அந்த வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கிளென் ஈடனில் ஒரு மன்னார்க் குடும்பத்தின் வீட்டில் எல்லாத் தமிழரும் கூடிச் சங்கம் தொடங்குவதாக ஏற்பாடு. ஞாயிறு பன்னிரண்டு மணிக்குக் கூட்டம், பிறகு சாப்பாடு. பக்கத்து வீட்டில் வரைபடப் புத்தகம் இரவல் வாங்கி வருகிறேன் என்று அப்பா வெளிக்கிட்டார். நான் மறித்தேன். "பதினாறு வருசம் உலகப்படம் கீறினவளுக்கு ஒக்லாந்துக்குப் படம் வேணுமோ? கிளென் ஈடன் மேற்கில இருக்கு. மேற்கைப் பாத்துப் போனாச் சரி." எது மேற்கு என்று அவர் கேட்டார். ஜூலை மாதம், பல்லுக் கிட்டுகிற குளிர். ஊரில் குளிர் என்றால் மார்கழி. மார்கழியில் மத்தியானச் சூரியன் தெற்கே சரிந்து நிற்கும். நான் வாசலில் இறங்கிச் சூரியனைப் பார்த்து நின்று வலக்கையை நீட்டி, "இந்தா, இது மேற்கு" என்றேன். பூமியின் இந்தப் பாதியில் மத்தியானச் சூரியன் வடக்கே நிற்கும் என்பது எனக்குத் தெரியாத விசயமில்லை. பரீட்சையில் கேட்டிருந்தால் படம் கீறியே விளக்கியிருப்பேன். வாசலில் நின்றபோது ஒருவரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அப்பா நான் காட்டின கையின் பக்கம் காரை விட்டார். கொஞ்ச நேரத்தில் கடைகள் முடிந்தன, பிறகு வீடுகள் முடிந்தன, பிறகு புல்லும் ஆடுமாக வந்தது. "இஞ்சேரும், வீடு வாசல் ஒண்டையும் காணேல்லை. ஆரையும் கேப்பமோ?" என்றார். "ஆரைக் கேக்கப் போறியள், ஆட்டையோ? சும்மா ஓடுங்கோ" என்றேன். ஜெனோவாக்காரரின் ஆட்களும் இப்படித்தான் முணுமுணுத்தார்கள், அவர் காதில் போட்டுக்கொண்டாரா? ஒரு மணித்தியாலம் கழித்து முன்னால் கடல் வந்தது. மராய்டாய் கடற்கரை என்று பலகையில் போட்டிருந்தது. நான் கொஞ்சமும் அசரவில்லை. "பாத்தியளோ, மேற்குக் கரைக்கே வந்திட்டம். கொஞ்சம் கூட ஓடிட்டம், திரும்பினாச் சரி" என்றேன். பின்சீட்டிலிருந்து நீ மெல்ல, "ரோங் சீ, அம்மா" என்றாய், பிழையான கடலாம். மேற்குக் கரையில் மண் கறுப்பு, இது வெள்ளை, வகுப்பில் படிப்பித்தார்கள் என்று ஆங்கிலத்தில் விளக்கமும் சொன்னாய். மண்ணைப் பற்றி எனக்குப் படிப்பிக்க வராதை என்று பாய்ந்தேன். அப்பா இறங்கிப் போய், தூண்டில் போட்டுக்கொண்டு நின்ற ஒருவரிடம் வழி கேட்டார். அந்த மனுசன் சிரித்த சிரிப்பில் தூண்டில் ஆடியது காருக்குள் இருந்த எனக்கும் தெரிந்தது.

ஜெனோவாக்காரர் ஒருமுறை கியூபாத் தீவை ஆசியாக் கண்டம் என்று நம்பி, கப்பலில் இருந்தவர்கள் எல்லாரிடமும் அப்படியே சத்தியம் எழுதி வாங்கினார். மாற்றிச் சொல்பவனுக்கு நாக்கை அறுப்பது என்று தண்டனையும் வைத்தார். வகுப்பில் இந்த இடம் வந்தால் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். மராய்டாய் கடற்கரையில், காரின் கண்ணாடியை எல்லாம் மூடிவிட்டு, உங்கள் இருவரிடமும் நான் சத்தியம் வாங்கினேன். ரயர் காற்றுப் போய்விட்டது, மாற்றி வரச் சுணங்கிவிட்டது, அவ்வளவுதான் நடந்தது. மாற்றிச் சொன்னால் அப்பாவுக்கு ஒரு மாதம் புட்டு இல்லை, உனக்கு ஐஸ்கிரீம் இல்லை. கிளென் ஈடனுக்குப் போய்ச் சேர மூன்றரை மணி. கூட்டமும் முடிந்து, சோறும் முடிந்து, ரசமும் நொறுங்கின பப்படமும்தான் மிச்சம். வீட்டுக்கார அம்மா வாசலுக்கு ஓடிவந்து, "வாங்கோ தலைவி, வாங்கோ" என்றா. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலைவர் பதவியை ஒருவரும் ஏற்க மாட்டேன் என்று ஆளையாள் கை காட்டி, கடைசியில் "பக்குரங்கா ரீச்சர் வரேல்லை, அவவைப் போடுவம்" என்று ஏகமனதாகத் தெரிவு செய்திருக்கிறார்கள். வராத ஆளின் தலையில் கட்டுவது நம் சங்கங்களில் புதிதில்லை. ரயர் கதையைச் சொன்னேன், எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். நீ ஒரு மூலையில் பப்படத்தைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தாய். அன்றைக்கும் சொல்லவில்லை, இந்த ஒன்பது வருடத்தில் ஒருநாளும் நீ சொல்லவில்லை. பொய்யை எப்படிக் காப்பாற்றுவது என்று உனக்கு முதலில் பழக்கினவள் நான்தான் என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

சங்கத்தின் யாப்பில் தலைவர் பதவி இரண்டு வருடம் என்று எழுதியிருந்தது. நான் ஒன்பது வருடம் இருந்தேன். ஒவ்வொரு பொதுக் கூட்டத்திலும் விலகுகிறேன் என்று எழும்பி நிற்பேன், இருங்கோ ரீச்சர் என்று யாராவது சொல்வார்கள், சொல்லும்வரை நானும் எழும்பியே நிற்பேன். என் ஆட்சியில் நன்மைகளும் நடந்தன. முதல் வருடத்து அறிக்கையில், 'எல்லோரும் ஓம் என்றனர்' என்று நான் எழுதியதை வாசித்துவிட்டு, தமிழ்நாட்டிலிருந்து வந்த கணக்காளர் தம்பி, "கூட்டத்துல ப்ரேயர் எல்லாம் உண்டுங்களா டீச்சர்?" என்று பயபக்தியோடு கேட்டார். அதற்குப் பிறகு 'ஓம், ஆமா என்றனர்' என்று எழுத ஒழுங்கு செய்தேன். மலேசியாக்காரர் இதற்குள் வரவில்லையே என்று இன்னொரு பிரச்சினை கிளம்பியது, அதை விடு. நான் சொல்ல வந்தது, வெளியில் ஆண்ட பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. நீ பத்தாம் வகுப்புப் படிக்கும்போதே, இவன் எஞ்சினியர் என்று நான் தீர்மானித்தாயிற்று. உன்னைக் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. அறிக்கையில் எழுதியிருந்தால், 'எல்லோரும் ஓம் என்றனர்' என்றுதான் எழுதியிருப்பேன்.

போர்த்துக்கேயர் காற்றடித்து வழி தப்பி இலங்கையில் ஒதுங்கின கதை உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும் இப்போது. கோட்டை இராச்சியத்து அரசனைக் காண வேண்டும் என்று அவர்கள் கேட்க, அரசனின் ஆட்கள் சில மணித்தியாலத்தில் போகக்கூடிய இடத்துக்கு அவர்களை மேட்டில் ஏற்றி ஆற்றில் இறக்கி மூன்று நாள் சுற்றிக்கொண்டு போனார்கள், தலைநகரம் வெகு தூரம் என்று நம்பட்டும் என்று. நீயும் அப்பாவும் என்னை இரண்டு வருடம் அப்படிச் சுற்றினீர்கள். எஞ்சினியரிங் முதல் வருடத்தில் வெளிப்பாடம் ஒன்று எடுக்கலாம் என்று, ஐரோப்பிய வரலாற்றில் தலைமையும் சமூகமும் கடற்பயணமும் என்று ஒரு பேப்பரை எடுத்தாயாம். அடுத்த வருடம் முழுதாகவே அந்தப் பக்கம் தாவிவிட்டாயாம். நான் காரில் கூட வருகிற நாட்களில் அப்பா எஞ்சினியரிங் கட்டடத்துக்கு முன்னால் நிறுத்துவார், நீ கல்குலேற்றரைக் கையில் பிடித்துக்கொண்டு முன்வாசலால் போவாய், நான் கை காட்டுவேன், நீ பின்வாசலால் வெளியேறிச் சரித்திரப் பக்கம் நடப்பாய். அந்தக் கல்குலேற்றரை அப்பா இந்த நாடகத்துக்கென்றே வாங்கித் தந்தாராம். அவர் இவ்வளவு கெட்டிக்காரர் என்று இருபத்தைந்து வருடமாக எனக்குத் தெரியாது.

ஆனால் அந்தப் போர்த்துக்கேயர் ஏமாறவில்லை. துறைமுகத்தில் நின்ற அவர்களுடைய கப்பல் அடிக்கடி பீரங்கி வெடித்தது, அந்தச் சத்தம் வழியெல்லாம் கேட்டது, தூரம் ஒன்றுமில்லை என்று அவர்களுக்கு விளங்கிவிட்டது. எனக்கும் பீரங்கி கேட்டதுதான். எஞ்சினியரிங் படிக்கிற பிள்ளை சோற்றைப் பிசைந்துகொண்டு, மாலுமிகள் ஏன் தங்கள் தலைவனுக்கு எதிராகக் கிளம்பினார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டால், தாய்க்குச் சந்தேகம் வர வேண்டாமா? எனக்குச் சந்தோசம்தான் வந்தது. கையில் குழம்பு காய்ந்து போகும்வரை தமிழில் விளக்கினேன். அழுகிப்போன விசுக்கோத்து, ஊத்தைத் தண்ணீர், கரை தெரியாத பயம், இவையெல்லாம் இரண்டாம் காரணங்கள், முதல் காரணம் எங்கே போகிறோம் என்று தலைவன் அவர்களுக்கு உண்மை சொல்லாததுதான் என்றேன். நீ தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாய். பாலம் கட்டப் போகிற பிள்ளைக்குச் சரித்திரத்தில் இவ்வளவு பற்றா என்று அன்று இரண்டு அகப்பை சோறு கூடப் போட்டேன். "அவன்ர கட்டுரைக்கு வந்த ஏ பிளஸில பாதி உம்மடை" என்று அப்பா ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டு, அதை மறைக்க இருமத் தொடங்கினார். நான் இஞ்சித் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

வாணி விழாவுக்கு வருகிறேன். தலைவி உரையின் கடைசியில், எழுதி வைக்காத ஒரு வசனத்தைச் சேர்த்தேன். "என்ர மகனும் அடுத்த வருசம் எஞ்சினியராய் வந்திடுவான், எங்கட பிள்ளையள் இந்த நாட்டில தலை நிமிருதுகள்." எல்லாரும் கைதட்டினார்கள். நீ பின்னால் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தாய். கைதட்டல் ஓய்ந்ததும் அங்கிருந்தே சொன்னாய். வழமையில் எனக்கு ஆங்கிலத்தில் மறுமொழி சொல்கிறவன், அன்றைக்கு எல்லாருக்கும் விளங்கத் தமிழில் சொன்னாய். "அம்மா, நான் எஞ்சினியரிங் விட்டு ரெண்டு வருசம். ஹிஸ்டரி படிக்கிறன். மன்னிச்சுக் கொள்ளுங்கோ." உனக்கு ஏன் அந்த நேரம் பார்த்து உண்மை பீறிட்டது என்று எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. பொய்யான ஒன்றுக்கு அத்தனை பேர் கைதட்டுவதை உன்னால் தாங்க முடியவில்லை என்று அப்பா பிறகு சொன்னார். நானாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். ஒன்பது வருடமாகக் கீச்சிட்டுக்கொண்டே இருந்த எங்கள் ஒலிவாங்கி, வாழ்க்கையில் முதல்முறையாக அன்றைக்குத்தான் வெண்கலம் போல வேலை செய்தது. நீ என்ர பிள்ளையும் இல்லை என்று நான் சொன்ன அந்த ஒரு வசனம் மண்டபத்தின் வாசல்வரை தெளிவாகப் போனது. முன்வரிசையில் இருந்த தமிழ்நாட்டு அம்மா எழுந்து, "என்னங்க டீச்சர், மைக்ல போய் இப்படிப் பேசிட்டீங்க, புள்ள பாவம்ங்க" என்றா. அதையும் கேட்டுவிட்டு, மண்டபம் தந்தவர்களுக்கும் சமைத்தவர்களுக்கும் நன்றியுரை வாசித்தேன். வெட்கம் கெட்ட வேலை. நிமிர்ந்து பார்த்தபோது கதிரைகள் ஒழுங்காக அடுக்கியிருந்தன, உன்னைக் காணவில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். அப்பாவுக்கும் இது புதிது. வந்த இரண்டாம் வருடம் ஒரு பள்ளிக்கூடத்தில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். நல்ல சேலை உடுத்து, சான்றிதழ்களை எல்லாம் பிளாஸ்ரிக் உறையில் போட்டுக்கொண்டு போனேன். மூன்று பேர், மூவரும் நல்ல மனிதர்கள். பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றிக் கேட்டார்கள். எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. தொடங்கினேன். என் ஆங்கிலம் அவர்களுக்கு விளங்கியது, பெயர்கள் மட்டும் விளங்கவில்லை. எனக்குத் தெரிந்த அரசர்கள், மந்திரிகள், அரண்மனைகள், ஆறுகள் எல்லாம் தமிழ்ப் புத்தகத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த பெயர்கள். அரண்மனையை நான் 'வேர்சேயில்ஸ்' என்றேன், மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். டச்சுக்காரரை 'ஒல்லாந்தர்' என்றேன், அது யார், நோர்வேக்காரரா என்று கேட்டார்கள். எழுதிக் காட்டட்டோ என்று பேனையை எடுத்தேன், தமிழில் தொடங்கிவிட்டது கை. ஒருவர் மிக அன்பாக, மிகவும் சுவாரசியமாக இருந்தது என்றார். இந்த நாட்டில் அதன் கருத்து என்னவென்று எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது. பாடசாலை தூரம், எனக்கு ஒத்துவராது என்று வீட்டில் சொல்லிவிட்டு, அடுத்த திங்கட்கிழமை விசுக்கோத்துத் தொழிற்சாலைக்குப் போனேன். ஒரு கண்டத்தின் ஆயிரம் வருடச் சரித்திரமும் தெரிந்தவள் அதன் பெயர்களைச் சொல்லத் தெரியாமல் எழும்பி வந்த அந்த மேசையில் நீயும் ஒருநாள் போய் இருந்துவிடுவாயோ என்று பயந்தேன். என் பயத்துக்கு எஞ்சினியர் என்று பெயர் வைத்தேன். நீ இந்த நாட்டில் வளர்ந்த பிள்ளை, அந்தப் பெயர்கள் உன் வாயில் தடக்காது என்பதைக்கூட யோசிக்கவில்லை. பிழை என்னுடையது, தம்பி. மராய்டாயும் என் பிழைதான். உங்கள் இருவரையும் அந்தச் சத்தியத்திலிருந்து இன்றோடு விடுவிக்கிறேன். இந்த மடலின் மூன்றாம் பக்கத்தில் என் பதவி விலகல் இருக்கிறது, இந்தமுறை இருங்கோ என்று யாரும் சொல்ல வேண்டாம்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆணி வாங்கப் போகிறேன் என்று அப்பா வெளிக்கிடுவார். நீ இருக்கிற வீட்டுக்குத்தான் போகிறார் என்று எனக்குத் தெரியாது என்று நினைக்கிறார். ஏழு கிழமையாக வாங்கின ஆணியை அடித்தால் வீடு முள்ளம்பன்றியாக நிற்கும். அவருக்குக் கட்டிக்கொடுக்கிற சாப்பாட்டில் இடியப்பம் இருபதுக்கு மேல் வைக்கிறேன். ஆணி வாங்கப் போகிற மனுசனுக்கு எதற்கு இருபது இடியப்பம் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சம்பல் உறைப்புக் கூடிவிட்டது என்று போன கிழமை நீ சொன்னாயாம். அது அவர் வாயிலிருந்து தானாக வந்தது. இந்த முறை குறைத்திருக்கிறேன்.

லிஸ்பனில் பழைய கடுதாசிகளுக்குள் நீ எங்கள் ஊரைத் தேடப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். மொழிக்குப் பயப்படாதே. பசித்தால் பாண் என்று கேள், கொஞ்சம் மூக்கால் சொன்னால் கடைக்காரனுக்கு விளங்கும். மேசை, கதிரை, யன்னல், அலுமாரி, சப்பாத்து, துவாய், குசினி எல்லாம் அந்தப் போர்த்துக்கேயர் எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போன சாமான்கள்தான். அந்த ஊர்க்காரரின் பேச்சில் பாதி வீட்டுச் சாமான் உனக்கு அம்மாவின் வாயாலேயே வந்துவிட்டது. வழி தெரியாவிட்டால் முதல் காண்கிற ஆளிடம் கேள், வெட்கப்படாதே. உன்னோடு வேலை செய்கிறவர்களுக்கு எங்கே போகிறோம் என்று உண்மையைச் சொல். குளிருக்குக் காலுறை இரண்டு சோடி போடு. பெரிய மனிதர்களைப் பற்றி எழுதும்போது, கப்பலில் சமைத்தவன் என்ன நினைத்தான் என்றும் ஒரு வரி எழுது. நான் பதினாறு வருடத்தில் ஒருநாளும் அதைக் கேட்கவில்லை, இன்று விசுக்கோத்துப் பெட்டி அடுக்கும்போதுதான் அந்த ஆளின் ஞாபகம் வருகிறது.

எழுதாமல் வைத்திருந்த ஒன்று மிச்சம் இருக்கிறது. போன செவ்வாய் அப்பா உன் விசாப் படிவத்தைப் பிரதி எடுக்கக் கொண்டுவந்து, மேசையில் மறந்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். மறந்தாரா, மறந்ததுபோல் வைத்தாரா, அந்த மனுசனை இனி நம்ப முடியாது. நான் எடுத்துப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது, பார்த்தேன். தாயின் பெயர் என்ற இடத்தில் என் பெயரை முழுதாக எழுதியிருந்தாய். அதற்குக் கீழே, தாயின் தொழில். சரித்திர ஆசிரியை என்று எழுதியிருந்தாய். முன்னாள் என்றுகூட இல்லை. அடியில் கையெழுத்துக்குப் பக்கத்தில் திகதி இருந்தது. வாணி விழா முடிந்து எட்டாம் நாள். நான் உன்னை என் பிள்ளை இல்லை என்று சொல்லி எட்டு நாளில், நீ அதை எழுதியிருக்கிறாய். நான் குசினியில் நின்று அழுதேன், தம்பி. சத்தம் போட்டு அழுதேன். பின்னேரம் வந்த அப்பா என் கண்ணைப் பார்த்துவிட்டு, "வெங்காயமோ?" என்றார். வீட்டில் வெங்காயம் முடிந்து இரண்டு நாள்.

ஆனால் அது அரசாங்கப் படிவம். அதில் பொய் எழுதக் கூடாது. நான் கடைசியாகப் பாடம் எடுத்துப் பத்து வருடமாகிறது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டுக்கு வா. போர்த்துக்கல்லின் எழுச்சி, நாற்பது நிமிடம், குறிப்பெல்லாம் எழுதி ஆயத்தமாக வைத்திருக்கிறேன். அது முடிந்தால் நீ எழுதினது உண்மையாகிவிடும். கொப்பியும் பேனையும் கொண்டு வா. மணிக்கு வந்தால் நல்லது. பிந்தி வந்தாலும் வகுப்புக்குள் எடுப்பேன். பதினாறு வருடத்தில் ஒரு பிள்ளைக்கும் நான் அந்தச் சலுகை கொடுத்ததில்லை.

அம்மா